பிள்ளைக்கு எந்த நாடு? – திரும்பி வந்த குடும்பங்களும் குடியுரிமைப் பதிவும்

(இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காக வவுனியாவில் நடைபெற்ற தகவல் கூட்டத்தில் எமது தொடர்பாடல் அலுவலர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பின்னுக்கு நிற்கிற ஐயாமார் முன்னுக்கு வாங்கோ, கதிரை இருக்கிறது. கைக்குழந்தையோடு வந்த அம்மாமார் மின்விசிறிக்குக் கிட்ட இருங்கோ. குழந்தை அழுதால் எழும்பிப் போக வேண்டாம். இன்றைக்கு நாங்கள் கதைக்கப் போவதே அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் புவியியலும் படித்தவள். ஆனால் திரும்பி வந்த குடும்பங்களோடு வேலை செய்வதால் குடியுரிமைச் சட்டத்தை வாசிக்க வேண்டி வந்தது. விளங்காததைச் சட்டத்தரணிகளிடம் கேட்டேன். அதற்கு முதலே எங்கள் குடும்பத்தில் ஒரு பாடம் படித்திருந்தோம். அதை முதலில் சொல்கிறேன்.

என் சித்தி 1990இல் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர். மண்டபத்தில் பதிந்து, பிறகு வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே கலியாணம், அங்கேயே இரண்டு பிள்ளைகள். 2011இல் சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தபடியால் சித்தப்பா மகளோடு முகாமில் நின்றார். படிப்பு முடிய வருவதாகத்தான் ஏற்பாடு.

தம்பிக்கு அப்போது 9 வயது. பாடசாலையில் சேர்த்தார்கள். வீட்டுத்திட்டம், கிணறு, காணி துப்புரவாக்கல் என்று சித்திக்கு ஓட்டம். "பிள்ளையின் குடியுரிமையைப் பதிந்தீர்களா" என்று யாராவது கேட்டால், "அம்மாவும் அப்பாவும் இலங்கை, பிள்ளை மட்டும் வேறு நாடோ? ஆறுதலாகப் பார்ப்பம்" என்பார். சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, குடியுரிமைச் சான்றிதழ் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் ஓடத் தொடங்கினோம். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2019இல் சித்தப்பா முகாமிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். தம்பியிடம் குடியுரிமைச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, ஆகவே கடவுச்சீட்டும் இல்லை. ஒரே மகன். கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. மருமகன் வைத்தார். தம்பி அதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் அவனுடைய சான்றிதழ் வந்தது.

இதை உங்களைப் பயப்படுத்தச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு உரிமை பிறந்த நாளிலிருந்தே இருந்தது. அதைப் பதிய நாங்கள்தான் ஒன்பது வருடம் எடுத்தோம். நீங்கள் அவ்வளவு காலம் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் குடியுரிமைச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும், பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரசையாக இருந்தால், வம்சாவளியால் அந்தப் பிள்ளையும் இலங்கைப் பிரசை ஆகலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பிறப்பு பதியப்பட வேண்டும். பிள்ளை பிறந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்திலும் பதியலாம், இலங்கையில் பொறுப்பான அமைச்சின் கீழுள்ள அலுவலகத்திலும் பதியலாம். இங்கே அந்த வேலையைச் செய்வது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவு. தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது.

எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும்? பிறந்து ஒரு வருடத்துக்குள். இதைக் கேட்டதும் பல அம்மாமாரின் முகம் வாடும். என் மகனுக்குப் பதினாறாகிவிட்டதே என்பீர்கள். பொறுங்கள். தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் மேலதிக காலம் அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த மேலதிக காலம் இத்தனை வருடம்தான் என்று சட்டம் எல்லை போடவில்லை. அகதியாக முகாமில் இருந்தோம், போரால் திரும்ப முடியவில்லை என்பது தகுந்த காரணம். அதை எழுத்தில் சொல்லி, முகாம் பதிவு அட்டையின் பிரதியை இணைத்துக் கொடுங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்காக யாரும் விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. முன்பு திருமணமான தம்பதியரின் பிள்ளைக்குத் தகப்பனின் வழியால்தான் குடியுரிமை வந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தாயின் வழியாலும் வரும். கணவரை இழந்த, கணவர் காணாமற் போன, கணவர் அங்கேயே நின்றுவிட்ட அம்மாமார் இதை நினைவில் வைத்திருங்கள். "தகப்பன் வந்தால்தான் எழுதலாம்" என்று யாராவது சொன்னால், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

"அங்கே பிறந்த பிள்ளை இந்தியப் பிள்ளைதானே?"

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். முகாமில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதில் இல்லை என்பதுதான். இந்தியச் சட்டத்தில் பிறந்த திகதியைப் பொறுத்து மூன்று நிலைகள் உண்டு. 1950 ஜனவரி 26 தொடக்கம் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பால் இந்தியப் பிரசைகள். அதன் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இன்னும் இறுக்கம்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஆகவே 1990க்குப் பிறகு இலங்கைத் தாய் தகப்பனுக்கு முகாமில் பிறந்த பிள்ளை இந்தியப் பிரசை இல்லை. இங்கே பதியும் வரைக்கும் இலங்கைப் பிரசையாகவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில், கடலில் நிற்கிற வள்ளம் மாதிரி. வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிற கயிறு இந்தப் பதிவுதான்.

1987 ஜூலைக்கு முன்பு அங்கே பிறந்தவர்கள் உங்களில் இருந்தால், எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் சட்டத்தரணியிடம் கதையுங்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் சொன்னது. உங்கள் நிலை மற்றவர்களுடையதிலிருந்து வேறாக இருக்கலாம்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு

1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்து, பிறகு இங்கிருந்தும் இந்தியா போன குடும்பங்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கேள்வி ஒரு தலைமுறை முன்னுக்குத் தொடங்குகிறது. பிள்ளையைப் பதிய முதல் தாய் தகப்பனின் குடியுரிமை நிற்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பாட்டன் பாட்டியை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்தத் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கே வசிக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. ஆனால் போரால் இந்தியாவுக்குப் போயிருந்தவர்கள் அதில் விடுபட்டார்கள். 2009ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவர்களையும் சேர்த்தது. "முகாமில் இருந்தபடியால் உங்களுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு இலக்கங்களையும் ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள். தோட்டத்துப் பதிவு, பழைய பங்கீட்டு அட்டை, பாடசாலைப் பதிவு, வாக்காளர் இடாப்பு, இவற்றில் எது கிடைத்தாலும் எறிய வேண்டாம்.

கடதாசி எங்கே இடறும்?

உரிமை இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். தமிழ்நாட்டில் பெயருக்கு முன் ஒரு முதலெழுத்து போதும். இங்கே தகப்பனின் பெயரை முழுதாக எழுதுகிறோம். அங்கே ஆஸ்பத்திரியில் அவசரமாக வீட்டுப் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். என் சித்திக்கு நடந்ததும் அதுதான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயராக இருந்தது எல்லாரும் கூப்பிடுகிற பெயர். சித்தியின் சொந்தப் பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே மாதக்கணக்காயிற்று.

இன்று வீட்டுக்குப் போய் எல்லாக் கடதாசிகளையும் பாயில் விரியுங்கள். தாய், தகப்பன், பிள்ளை மூவரின் பெயரும் ஒவ்வொரு கடதாசியிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் குறியுங்கள். வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள்.

சில பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழில் பெயரே இராது. "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். அங்கே பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றியும், 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். முகாமில் இன்னும் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு இதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். புறப்பட முதல் செய்ய வேண்டிய வேலை இது. இங்கே வந்த பிறகு அதே திருத்தத்தைச் செய்ய ஒருவர் அங்கே அலைய வேண்டும்.

தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கேளுங்கள். பிறந்த திகதியும் பதிவுப் பிரிவும் தெரிந்தால் தேடுவது சுலபம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வழி உண்டு. முகாமில் கோயிலில் தாலி கட்டி, திருமணம் பதியாதவர்கள் இப்போது பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். சிலருக்குச் சென்னையில் உள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பு ஏற்கெனவே பதியப்பட்டிருக்கும். முகாமுக்கு வந்த யாரோ படிவம் நிரப்பிக் கொண்டுபோனார்கள் என்ற ஞாபகம் மட்டும் இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியைப் பாருங்கள். பதிவு இருந்தால் அரைவாசி வேலை முடிந்தது.

ஒருபோதும் செய்யக் கூடாதது

சித்திக்கு ஒருவர் சுகமான வழி ஒன்று சொன்னார். "பிள்ளை இங்கே பிறந்ததாக, பிந்திய பதிவாகப் போட்டுவிடுவம். பணம் தந்தால் ஒரு மாதத்தில் கையில்." சித்தி செய்யவில்லை. நல்லகாலம். பொய்யாகப் பிறப்புப் பதிவது குற்றம். அதுமட்டுமில்லை, பிள்ளையின் தமிழ்நாட்டுப் பாடசாலைச் சான்றிதழும் முகாம் அட்டையும் தடுப்பூசி அட்டையும் வேறு கதை சொல்லும். பத்து வருடம் கழித்து, வெளிநாட்டு வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும்போது அது பிடிபட்டால் தண்டனை பிள்ளைக்கு. உண்மையான உரிமை கையில் இருக்கும்போது பொய்யான கடதாசி எதற்கு?

கட்டணமும் தாமதத்துக்கான மேலதிகத் தொகையும் அரச கருமபீடத்தில் மட்டும் கட்டுங்கள். பற்றுச்சீட்டு தராத எவருக்கும் ஒரு சதமும் வேண்டாம்.

இந்தியரைத் திருமணம் செய்தவர்கள்

தமிழ்நாட்டில் உள்ளூர்ப் பெண்ணையோ ஆணையோ முடித்து வந்தவர்கள் கவனியுங்கள். உங்கள் துணைக்கு இங்கே வதிவிட விசா வேண்டும். அது முடிய முதல் புதுப்பிக்க வேண்டும். விசாக் காலம் கடந்தால் தண்டம் வரும், பிறகு எல்லாவற்றுக்கும் சிக்கல். சம்பளத்துக்கு வேலைக்குப் போக முதல், அந்த விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று திணைக்களத்தில் கேளுங்கள். இலங்கைப் பிரசையின் துணை இங்கே வசித்த பிறகு பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே எடுத்தால் அங்கே போகும். தாய் தகப்பனை அங்கே விட்டு வந்த பெண்ணுக்கு அது சின்ன விடயம் இல்லை. அவரோடு இருந்து கதைத்து முடிவெடுங்கள்.

வேலை என்று வந்தபடியால் இதையும் சொல்கிறேன். தொழில் கொடுப்பவர் உங்கள் வளர்ந்த பிள்ளையிடம் முதலில் கேட்பது அடையாள அட்டை இலக்கம். ஊழியர் சேமலாப நிதிக்கு அது வேண்டும். அட்டை இல்லாத பிள்ளை நாட்கூலியாகவே நிற்கும். காணி வாங்குவதும் அப்படித்தான்: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

வள்ளத்தில் போனது குற்றமா?

இதைக் கேட்க வெட்கப்படுகிறீர்கள், ஆனால் மனதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம், விமான நிலையம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போவது குற்றம். உயிருக்குப் பயந்து ஓடியவருக்கு அந்தச் சட்டம் தனிக் கதவு வைக்கவில்லை. அதனால்தான் முகாமில் இருப்பவர்கள் முறையான வழியால் வர வேண்டும் என்கிறோம்: சென்னையில் பயண ஆவணம், இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி. திரும்பவும் வள்ளம் ஏற வேண்டாம். யாராவது உங்களை விசாரித்தால் பதற வேண்டாம். எப்போது, ஏன் போனீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். அகதி அட்டையைக் காட்டுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்திட வேண்டாம். சட்டத்தரணி வேண்டும் என்று கேளுங்கள்.

யாரிடம் போவது?

முதலில் கிராம அலுவலர், அடுத்து பிரதேச செயலகம். நடமாடும் சேவை வந்தால் கடதாசிகளோடு நேரத்துக்குப் போங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். தமிழ் அரச கரும மொழி. படிவத்தைத் தமிழில் கேட்பது சலுகை இல்லை, உரிமை.

விண்ணப்பத்தைக் கொடுத்தால் திகதியோடு பற்று வாங்குங்கள். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்: என் கோவை எங்கே, என்ன குறை? தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் பிரசைகளுக்குத்தான். ஆகவே பிள்ளையின் பெயரில் அல்ல, இலங்கைப் பிரசையான தாய் அல்லது தகப்பனின் பெயரில் கேளுங்கள். வாயால் கேட்டால் "அடுத்த கிழமை வாங்கோ" என்பார்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

போக முதல் ஒரு வேலை

வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோவை வைத்திருக்கிறோம். எடுத்துப் போங்கள். அதில் பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தாய் தகப்பனின் அடையாள அட்டைப் பிரதிகள், முகாம் அட்டை, பயண ஆவணம், தமிழ்நாட்டுப் பாடசாலைச் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கட்டும். இருப்பதை வையுங்கள். இல்லாததை ஒரு தாளில் எழுதி முன்னுக்கு வையுங்கள். அந்தத் தாள்தான் நாளைக்கு நீங்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும். மூலப் பிரதியை ஒருவரிடமும் விட்டு வராதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிற கிழமையிலேயே இதையும் தொடங்குங்கள். வீடு கட்ட ஆறு மாதம் செல்லும். இதற்கும் அப்படிச் செல்லலாம், அதற்கு மேலும் செல்லலாம். இரண்டும் ஒன்றாக நடக்கட்டும்.

என் தம்பி இப்போது கடவுச்சீட்டு எடுத்துவிட்டான். போன வருடம் தகப்பனின் திவசத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய் வந்தான். வந்து சித்தியிடம் சொன்னது ஒன்றுதான்: "அம்மா, இது அப்ப இருந்திருக்கலாம்."

உங்கள் பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்ல வேண்டி வரக் கூடாது. கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். பலருக்கு முன் கேட்க முடியாதது என்றால், தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் என்னிடம் தனியே வாருங்கள்.